பாலெஸ்ட்ரீனா முடிச்சு: ஒரு தையல் நாட்குறிப்பு

ஜனவரி 6

எம்ப்ராய்டரியில் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் கைக்கு நன்றாகப் பழகிவிட்டன. ஓரக்கோடு போட அவை தாராளமாகப் போதும். ஆனாலும் துணியை விட்டு மேலெழுந்து நிற்கிற கோடு ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிரெஞ்சு முடிச்சை வரிசையாகப் போட்டால் மேடாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தனிப் புள்ளியாக நிற்குமே தவிர, ஒன்றோடொன்று சேராது. இரட்டை முடிச்சுத் தையல் என்றும் சொல்லப்படும் பாலெஸ்ட்ரீனாவில் முடிச்சும் கோடும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடுகின்றன. அதையே கற்கப் போகிறேன்.

ஜனவரி 7

செய்முறையை மறக்கும் முன் எழுதிவைக்கிறேன். இடமிருந்து வலமாகப் போக வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அப்படியே திருப்பிக்கொள்ளலாம். கோட்டின் இடது முனையில் நூலை மேலே எடுக்கிறோம். சற்று வலப்பக்கம் தள்ளி, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஊசியைக் குத்தி, நேர் கீழே, கோட்டுக்குக் கீழ்ப்புறமாக வெளியே எடுக்கிறோம். இப்போது துணிமேல் சாய்வாக ஒரு சின்னத் தையல் கிடக்கும். அந்தச் சாய்வுத் தையலுக்கு அடியில் ஊசியை மேலிருந்து கீழாக நுழைத்து இழுக்க வேண்டும். துணியைக் குத்தக் கூடாது. அப்புறம் அதே தையலுக்கு அடியில் இன்னொரு தரம் நுழைக்க வேண்டும். இம்முறை காஜா எடுக்கும்போது வைப்பதுபோல நூல் ஊசி முனைக்கு அடியில் இருக்கட்டும். இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும்.

இந்த மூன்று அசைவில் முதலாவது மட்டும்தான் துணிக்குள் இறங்குகிறது. மற்ற இரண்டும் நூலின் மேலேயே நடக்கின்றன. எம்ப்ராய்டரியில் எங்கே குத்துவது என்றுதான் எப்போதும் யோசிப்போம். இங்கே குத்தாமல் விடும் இடத்தில்தான் தையலே உருவாகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 9

இன்று முழுக்க நூலும் ஊசியும்தான். ஆறு இழை நூலில் முடிச்சு தட்டையாகப் படிகிறது. இழைகள் பிரிவதால் ஊசி அவற்றுக்கு நடுவே புகுந்துவிடுகிறது. பெர்ல் காட்டன் முறுக்கேறிய ஒரே நூல், பிரியாது. அதனால் முடிச்சு உருண்டையாக நிற்கிறது. நம்பர் கூடக் கூட நூல் மெலியும்: 5 தடிமன், 8 நடுத்தரம், 12 மெல்லியது. பழகுகிறவர்கள் 5-ல் தொடங்குவதே நல்லது, ஒவ்வொரு சுற்றும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஊசிக்கு, முனை மழுங்கிய டேப்பெஸ்ட்ரி ஊசிதான் என் தேர்வு. நெருக்கமான நெசவில் அது எளிதாக இறங்காது. அப்போது கூர் ஊசியால் தைத்து, நூலுக்கு அடியில் போகும்போது மட்டும் ஊசிக்காதை முன்னால் விட்டு நுழைக்கலாம். துணியும் சிக்காது, நூலும் கிழியாது.

ஜனவரி 12

இழுக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் சாய்வுத் தையல் சுருங்கித் துணியும் சுருக்கம் கொள்கிறது. மெதுவாக இழுத்து, சுற்று படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நூலில் முறுக்கு கூடினால் ஊசியைத் தொங்கவிட்டால் போதும், தானாகச் சுழன்று சரியாகிவிடும்.

ஜனவரி 16

இடைவெளிதான் இந்தத் தையலின் அழகைத் தீர்மானிக்கிறது. நெருக்கிப் போட்டால் சாய்வுத் தையல் மறைந்து, கோத்த பாசிமணிபோல முடிச்சு மட்டும் தெரிகிறது. தள்ளிப் போட்டால் நடுவே நூல் ஓடுவது தெரிகிறது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடைவெளி கொஞ்சம் மாறினாலும் கண்ணுக்குத் தட்டுப்பட்டுவிடும். துணியில் அழியும் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு போவது உத்தமம். எனக்குப் பிடித்தது நெருக்கமான வரிசைதான்.

இந்தத் தையல் நூலை நிறையத் தின்கிறது. அதற்காக நீளமாக வெட்டினால், திரும்பத் திரும்ப உரசி நூல் மங்கிவிடும். அரை மீட்டர் போதும்.

நூல் தீரும் இடத்துக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பழைய நூலை மேல் துளையில் இறக்கிப் பின்பக்கமே விட்டுவிட்டு, கீழ்த் துளையில் புது நூலை எடுக்க வேண்டும். அடுத்த முடிச்சைப் புது நூலால் போட்டால் இணைப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். இன்றைய வரிசையில் எங்கே நூல் மாற்றினேன் என்று துணியைத் திருப்பினால்தான் தெரிகிறது. பின்பக்கம் வேறு, நெட்டுக்குத்தாகக் குட்டிக் கோடுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அவ்வளவு சுத்தம்!

ஜனவரி 21

வளைவு. கோடு திரும்பத் திரும்ப, மேல் துளையும் கீழ்த் துளையும் கோட்டுக்குக் குறுக்காகவே அமையும்படி ஃபிரேமையும் திருப்ப வேண்டும். வளைவு இறுகும் இடத்தில் முடிச்சுகளையும் நெருக்க வேண்டும். கூர்முனையில் ஒரு முடிச்சு சரியாக உட்கார்ந்தால் மூலை எடுப்பாக இருக்கும்.

ஜனவரி 27

இலைக்கொடி முடிந்தது. தண்டு முழுக்க பாலெஸ்ட்ரீனா, இலைகளுக்கு வெறும் சாட்டின் தையல். தட்டையான இலைக்குப் பக்கத்தில்தான் முடிச்சு வரிசையின் மேடு நன்றாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் முடிச்சாகவே போட்டிருந்தால் எதுவுமே தனித்துத் தெரிந்திருக்காது. இஸ்திரியை நேரே மேலே வைத்தால் முடிச்சுகள் நசுங்கிவிடும். தடித்த துண்டின் மேல் தைத்த பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, பின்பக்கம் தேய்த்தேன். அடுத்தது இதே கொடி, 8-ஆம் நம்பர் நூலில்.