அன்னி ஆல்பர்ஸின் துணிகள்

சென்னை எம்.சி. ரோடு கடைகளில் புடவையின் பின்பக்கத்தைத் திருப்பி ஊடையை, அதாவது குறுக்கு இழையைப் பார்க்கிற பழக்கம் எனக்கு நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸைப் பற்றிப் படித்த பிறகு வந்தது.

1899-ல் பெர்லினில் பிறந்தவர். 1922-ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். புதுமை பேசிய பள்ளிதான், ஆனாலும் பெண்களை நெசவுப் பட்டறைக்கே தள்ளினார்கள். அவரும் அரைமனதாகத்தான் போனார். அங்கேயே தன் கலையைக் கண்டுபிடித்தார்.

பெர்னாவ் ஊரில் ஒரு தொழிற்சங்கப் பள்ளியின் அரங்குக்கு அவர் நெய்த சுவர்த்துணியை நினைத்தால் இன்றும் பிரமிப்புதான். முன்பக்கம் செலோஃபேன் இழைகள், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பின்பக்கம் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே துணி, இரண்டு வேலை! தொழிற்சங்கம் என்றதும் எனக்குப் பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) துணி மில் ஞாபகம் வந்துவிட்டது. 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தானே.

நாஜிகள் வந்ததும் 1933-ல் அமெரிக்கா போய்விட்டார். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுவே முதல்முறை. 1965-ல் நெசவைப் பற்றி எழுதிய நூலைப் பழங்கால பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, தன் ஆசான்கள் என்று சொல்லி, அர்ப்பணித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

சரி, ஒரு வேண்டுகோள். பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி நண்பர்களே, வீட்டில் யாராவது பி அண்ட் சி-யில் தறி ஓட்டியிருந்தால், பழைய மில் துணி ஏதாவது மிச்சமிருந்தால், இரண்டு பக்கமும் படமெடுத்துக் கீழே போடுங்கள்.