பல்லி சொன்னது

தூத்துக்குடியிலிருந்து அம்மா இரண்டு மாதம் எங்களோடு தங்க வந்திருந்த நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து தங்கைக்கு வந்திருந்த வரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். “இந்த இடம் அமைந்துவிடும் ஐயா” என்று அம்மா சொல்லி வாயை மூடவில்லை, கூடத்தில் ‘டிக்’ என்று ஓர் ஒலி. அம்மா சட்டென்று விரலால் தரையைத் தட்டிக்கொண்டார். “கிழக்கிலிருந்து சொல்கிறது.”

கிழக்குச் சுவரோரம் இருப்பது என் உப்புநீர் மீன் தொட்டி. மூன்றடி நீளம், ஏறத்தாழ 180 லிட்டர். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் பல்லிக்குப் பஞ்சமில்லை என்பதால் நானும் அதைப் பல்லி என்றே எண்ணினேன்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான், தொட்டி வளர்ப்பைக் கைவிட்ட ஒருவரிடம் ஆறு கிலோ லைவ் ராக் வாங்கியிருந்தேன். உயிர்கள் குடியேறிய கல் அது. அதன் துளைகளில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் மீன் கழிவின் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தருகின்றன. அதே துளைகளில் டிக்கெட் எடுக்காத பயணிகளும் வருவார்கள். புதிய கல்லைத் தனி வாளியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாளியில் வைக்க வீட்டில் இடமில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு நேராகத் தொட்டியில் இறக்கினேன்.

நான்காம் நாள் காலை, தொட்டியில் வளர்த்த டர்போ என்ற கடல் நத்தை ஒன்று செத்துக் கிடந்தது. அன்றிரவு விளக்கைப் போட்டால், விரல் நீளத்தில் இளஞ்சிவப்புப் புழு ஒன்று அந்த ஓட்டுக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. உடலின் இரு பக்கமும் வெள்ளை மயிர்க்கற்றைகள்; பூரானுக்கு மயிர் முளைத்தால் இப்படித்தான் இருக்கும். கொலைகாரன் அகப்பட்டான் என்று வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். கண்ணாடிப் பஞ்சு போன்ற முட்கள் நூற்றுக்கணக்கில் விரலில் இறங்கின. ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்தெடுத்தும் இரண்டு நாள் எரிந்தது. புழு குப்பைக்குப் போயிற்று.

அந்தப் புழுவுக்கு நான் செய்தது அநியாயம். இந்த மயிர்ப்புழுக்களில் பெரும்பாலானவை துப்புரவுப் பணியாளர்கள். செத்ததையும் மிஞ்சிய இரையையும் தின்று தண்ணீரைக் காப்பவை. மறுநாள் நத்தை ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஓட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தாற்போல் ஓர் ஓட்டை. புழுவிடம் ஏது சுத்தியல்?

அடுத்து நண்டைச் சந்தேகித்தேன். கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டு, கல்லின் மேல் சாய்த்து வைத்தால் நண்டு உள்ளே இறங்கும். வழவழப்பில் ஏற முடியாது. ஒன்று சிக்கியது. உடம்பெல்லாம் மயிர், கொடுக்கின் நுனி கறுப்பு. அதுவும் நல்லவன் இல்லை, பவளத்தைக் கொறிக்கும் வகை. அதைக் கீழ் வடிகட்டித் தொட்டிக்கு மாற்றினேன். ஆனால் பல்லி என்று நான் நினைத்த ‘டிக்’ ஒலி நிற்கவில்லை; அது தொட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. இன்னும் இரண்டு நத்தைகள் போயின.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி, இரவு இரண்டு மணிக்குத் தொட்டி முன் உட்கார்ந்தேன். சிவப்பு ஒளி இவற்றில் பலவற்றின் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. இருபது நிமிடம் கழித்து, கல்லின் ஒரு பொந்திலிருந்து காம்பு வைத்த இரண்டு கண்கள் வெளியே வந்தன. இரண்டும் தனித்தனியாகச் சுழன்றன. பின்னால் பச்சை உடம்பு, இரண்டு அங்குலம் இருக்கும். கும்பிடுபூச்சி போல முன்கால்களை மடித்திருந்தது.

மாண்டிஸ் இறால். ‘டிக்’ என்று கேட்டாலே இதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிஸ்டல் இறாலும் சொடுக்கும், அது பெரும்பாலும் தொல்லை தராத பிராணி. உடைந்த ஓடுகளும் சேர்ந்து கிடந்தால்தான் வழக்கு உறுதியாகும். மாண்டிஸ் இறாலில் குத்திக் கிழிக்கும் வகையும் உண்டு, அடித்து நொறுக்கும் வகையும் உண்டு. என் வீட்டுக்கு வந்தது நொறுக்கும் வகை. இதே வகையைச் சேர்ந்த மயில்நிற மாண்டிஸின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகத்தை எட்டும் என்று 2004இல் அளந்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி வெடிக்கும். ஓட்டின் மேல் அது இரண்டாம் அடி.

பிடிக்க உதவியது சாதாரண சோடா. கல்லை வாளிக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஊசியில்லாச் சிரிஞ்சால் பொந்துக்குள் சோடாவைச் செலுத்தினேன். கரியமில வாயு பொறுக்காமல் அது வாளிக்குள் பாய்ந்தது. “கல்லுக்கு அஜீரணமா?” என்றார் அம்மா.

இணையத்தில் ஒருவர், கல்லைக் கொதிக்க வைத்தால் எல்லாம் ஒழியும் என்று எனக்கு யோசனை சொன்னார். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கல்லில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் பவளங்கள் சிலவற்றில் பேலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியோடு அது மூச்சில் ஏறிக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உண்டு.

இந்த அமளியில் நான் கவனிக்காமல் விட்டது ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியை. பழுப்புக் குழல் தண்டு, உச்சியில் மெல்லிய கைகள். பார்க்கப் பூப்போல அழகு. முதலில் நாலைந்துதான் இருந்தன. சுரண்டி எடுத்தேன். கல்லில் தங்கிய ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைத்து, மாதக் கடைசியில் எண்ணினால் முப்பதைத் தாண்டியது. பிறகுதான் முறையாகச் செய்தேன். தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் குழைத்து, தண்ணீர்ப் பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் மெல்ல அதன் வாயில் வைக்க வேண்டும். இரை என்று விழுங்கிச் சாகும். காரத்தன்மை ஏறிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு போதும்.

அம்மா கூழைப் பார்த்துவிட்டு, “இது வெற்றிலைச் சுண்ணாம்பு அல்லவா?” என்றார். பொருள் ஒன்றுதான். அவர் சிறுமியாக இருந்தபோது தீவுப் பக்கத்துப் பவளக்கல்லை வள்ளத்தில் ஏற்றி வந்து காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவார்களாம். அப்படி வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. 2001 முதல் இந்தியாவில் பவளத்தைத் தொட்டாலே வனவிலங்குச் சட்டம் பாயும். “அன்று பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம், நீ பவளத்துக்குச் சுண்ணாம்பால் வைத்தியம் பார்க்கிறாய்” என்றார்.

மாண்டிஸைக் கொல்ல மனம் வரவில்லை. கடலில் விடுவதும் தவறு. எந்தக் கடலிலிருந்து வந்ததோ, கூடவே என்ன நோய் வருமோ. பத்து லிட்டர் அக்ரிலிக் பெட்டியில் ஒரு குழாய்த் துண்டோடு அதைச் சமையலறையில் குடிவைத்தேன். வாரம் இரண்டு நத்தை.

அம்மா ஊர் திரும்பிய மறுமாதம் தங்கைக்கு அந்த வரனே அமைந்தது. தொலைபேசியில், அன்று சொன்னது பல்லியே இல்லை, இறால் என்று நினைவூட்டினேன்.

“எது சொன்னால் என்ன? இப்போது அதை எங்கே வைத்திருக்கிறாய்?”

“சமையலறையில், தெற்குச் சுவரோரம்.”

“முதலில் கிழக்கே மாற்றி வை.”