விசிலுக்குப் பிறகு ஒரு வசனம்

பாடசாலை றக்பியில் விசில் பிடித்த எவருக்கும் பழகிப்போன குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. “எங்களுக்கு ஊதினீங்க, அவங்களுக்கு ஏன் ஊதல்ல?” கண்டியிலும் கொழும்பிலும் பல வருடங்கள் மத்தியஸ்தராக ஓடிய எனக்கு, இதைக் கேட்காமல் வீடு வந்த நாட்கள் குறைவு. கேட்பவர் பொய் சொல்வதில்லை. அவர் கண்டது நடந்ததுதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு றக்கை, அதாவது தரையில் கிடக்கும் பந்துக்கு மேலாக இரு பக்கத்தவரும் நின்று தள்ளிக்கொள்ளும் கட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். பந்தோடு ஓடியவன் டாக்கிள் பட்டு விழுகிறான். விழுந்தவன் உடனே பந்தை விட வேண்டும். அவனை விழுத்தியவன் உருண்டு விலக வேண்டும். அடுத்து வருபவன் பின்பக்கமாக நுழைய வேண்டும், விழாமல் தன் காலில் நிற்க வேண்டும். மற்ற எல்லாரும் கடைசிக் காலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இவ்வளவும் மூன்று நான்கு விநாடிக்குள் நடந்து முடிகிறது. 19 வயதுக்குட்பட்டவர்களின் 70 நிமிட ஆட்டத்தில் இப்படி எத்தனையோ றக், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சின்னப் பிழை. எல்லாவற்றுக்கும் ஊதினால் அங்கே விளையாட்டு இராது, விசில் சத்தம்தான் இருக்கும். ஆகவே மத்தியஸ்தர் மனதுக்குள் கேட்கிற கேள்வி, “பிழை நடந்ததா?” என்பதல்ல, “இந்தப் பிழையால் மற்றப் பக்கத்துக்குப் பந்து கிடைக்காமல் போனதா?” என்பது. விழுத்தியவன் விலகாமல் கிடந்தும் பந்து சுத்தமாக வெளியே வந்துவிட்டால் விட்டுவிடுவேன். அதே பிழை அடுத்த றக்கில் பந்தைத் தாமதப்படுத்தினால் ஊதுவேன். பெவிலியனில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் கோபப்படுவதில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

எங்கள் நாட்டில் இந்தக் கோபம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு நீண்ட கதை இருக்கிறது. இலங்கையில் பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது றக்பிப் போட்டி 1906இல் கண்டியில் நடந்தது. கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் ஆடி, 6க்கு 6 என்று சமநிலையில் முடித்தார்கள். 1945இல் றோயல் கல்லூரி அதிபர் பிரட்பி ஒரு கேடயம் கொடுத்தார். றோயலும் திரித்துவமும் அதற்காக வருடத்தில் இரண்டு முறை மோதுகின்றன, ஒன்று கொழும்பில், மற்றது கண்டியில். இரண்டு ஆட்டத்தின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று தீர்மானிக்கிறார்கள். இந்தக் கூட்டல் கணக்கு மத்தியஸ்தரின் வேலையை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்று வெளியே இருப்பவர்கள் யோசிப்பதில்லை. சாதாரணப் போட்டியில் ஒரு பக்கம் 20 புள்ளியால் முன்னிற்கும்போது கடைசி நிமிடத்தில் கொடுக்கும் பெனால்டியை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. கூட்டுப் புள்ளியில் அந்தப் பெனால்டியின் 3 புள்ளியும் அடுத்த ஆட்டத்துக்குப் போகிறது. நடுவில் கிடைக்கிற வாரங்களில் பழைய மாணவர்கள் அதை அலசி அலசி வளர்க்கிறார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குப் போகிற மத்தியஸ்தர், தான் ஊதாத விசிலுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேறு இரண்டு பாடசாலைகளின் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். கடைசி நிமிடங்கள், வித்தியாசம் 4 புள்ளி. தாக்கிய அணியின் எட்டாம் இலக்க வீரன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தான், அவனோடு ஏழெட்டுப் பேர். நான் முழங்காலில் இருந்து, கன்னம் புல்லில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். பந்து தெரிந்தது. அதன் கீழே தடுத்தவனின் முன்கை, சேறு அப்பிய வெள்ளை பேண்டேஜோடு. பந்துக்கும் புல்லுக்கும் நடுவில் அந்தக் கை. பந்து தரையைத் தொடவில்லை. கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால்தான் ட்ரை, ஆகவே ட்ரை இல்லை. முன்பென்றால் இந்த நிலையில் தாக்கிய அணிக்கே கோட்டிலிருந்து 5 மீற்றரில் ஸ்கிரம் கிடைக்கும், அதாவது இரு அணியின் முன்கள வீரர்களும் தோள் கோர்த்துத் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவார்கள். 2021இல் பரீட்சார்த்தமாக வந்து அடுத்த வருடம் நிரந்தரமான விதிப்படி, தடுத்த அணி தன் கோட்டில் நின்று ட்ரொப் கிக் (பந்தைத் தரையில் விழவிட்டு அது எழும்போது உதைப்பது) அடித்துப் பந்தை வெளியேற்றும். பெவிலியனில் சத்தம் போட்டவர்களில் சிலர், ட்ரைக்கு 4 புள்ளி இருந்த காலத்தில் விளையாடியவர்கள். அது 5 ஆனது 1992இல். அவர்களுக்கு ட்ரையும் போனது, கிடைக்க வேண்டிய ஸ்கிரமும் போனது. ஒரே விசிலில் இரண்டு அநியாயம்.

தாக்கிய அணியின் கெப்டன் மட்டும் என்னிடம் வந்தான். வீட்டில் தமிழ் பேசுகிற பொடியன். “சேர், பந்து கீழ பட்டுச்சே?” என்றான். “இல்ல தம்பி, பந்துக்கு அடியில கை இருந்திச்சு, நான் பார்த்தேன். இப்ப இதுக்கு ட்ரொப் அவுட்தான், ஸ்கிரம் இல்ல” என்றேன். “சரி சேர்” என்று திரும்பி, தன் ஆட்களிடம் கையைக் காட்டிப் பின்னுக்குப் போகச் சொன்னான். அவ்வளவுதான். அவனுக்கு அது முடிந்துபோன விசயம், ஏனென்றால் என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லப்பட்டது.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது கயிற்றடியில் ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பெவிலியனில் இருந்து எடுத்த வீடியோ. அதில் தெரிந்ததெல்லாம் ஏழெட்டு முதுகுகள். சர்வதேசப் போட்டிகளில் காணொளி மத்தியஸ்தருக்குப் பல கமராக்கள் உண்டு. அத்தனை கமரா இருந்தும் இந்த மாதிரிக் குவியலில் பந்து தெரியாமல் போவதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். நான் பெரும்பாலும் ஊதிய பாடசாலை ஆட்டங்களில் இருந்தது என் கண்ணும், இரண்டு உதவி மத்தியஸ்தர்களின் கண்ணும்தான். நடந்தது என்ன, அதற்கு விதி என்ன என்ற இரண்டுக்கும் மைதானத்தில் மத்தியஸ்தரே ஒரே தீர்ப்பாளர் என்று விதிப்புத்தகம் சொல்வது அவருக்குப் பெருமை சேர்க்க அல்ல. யாராவது ஒருவர் அந்த நொடியில் சொல்லியாக வேண்டும்.

தொலைக்காட்சி இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. பெரியவர்களின் ஸ்கிரம்மில் எதிரணியைப் பத்து மீற்றர் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வருகிற அப்பாமார், தங்கள் மகனின் அணி தள்ளும்போது நான் ஏன் நிறுத்துகிறேன் என்று கத்துவார்கள். 19 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ள முடியாது. முன்வரிசையில் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் கழுத்தெலும்பை நினைத்துப் போட்ட விதி அது. அந்த இடத்தில் யார் என்ன கத்தினாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் செலவழிக்கும் நேரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒவ்வொருவனின் பூட்ஸையும் தூக்கிப் பார்த்து, அடியில் இருக்கும் ஸ்டட்டின் விளிம்பில் பெருவிரலை ஓட்டுவேன். கூர் இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்வேன். அந்தச் சாக்கில் பொடியன்கள் என் முகத்தையும் குரலையும் பழகிக்கொள்கிறார்கள். பிறகு கெப்டனிடம், “கேட்க வேண்டியதை நீ கேள், ஆட்டம் நின்ற நேரத்தில் கேள், நான் பதில் சொல்வேன். வேறு யாரும் வாய் திறந்தால் உங்களுக்கு எதிரான பெனால்டி இன்னும் பத்து மீற்றர் முன்னுக்குப் போகும்” என்பேன். விறைப்பாக நின்று கையை மட்டும் காட்டிவிட்டு ஓடுகிற மத்தியஸ்தர்களை எனக்குப் பிடிக்காது. தீர்ப்பு சரியாக இருந்தால் போதாது. பிள்ளைகளின் ஆட்டம் இது. விசிலுக்குப் பிறகு ஒரு வசனமாவது சொல்ல வேண்டும்.

என்னை உண்மையில் வருத்துவது இளம் மத்தியஸ்தர்களின் கதை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே விசில் பிடித்த ஒரு பையன், நல்ல ஓட்டம், நல்ல கண். ஒரு ஆட்டத்துக்குப் பிறகு வாகனம் நிறுத்துமிடத்தில் பழைய மாணவர்கள் அவனைச் சுற்றி நின்று அம்மாவை இழுத்துப் பேசினார்கள். கொஞ்ச தூரத்தில் நின்ற பொறுப்பாசிரியர் கிட்டே வரவில்லை. அடுத்த பருவத்துக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை. அணிக்கு ஜேர்சி வாங்கிக் கொடுத்தவருக்கு அணியின் மேல் அன்பு இருக்கலாம், மத்தியஸ்தரைத் திட்டும் உரிமை அதோடு வருவதில்லை. இதைச் சொல்ல வேண்டியவர் அதிபர், அதுவும் பருவம் தொடங்குவதற்கு முன்பே.

முறைப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கோச் தன் அணிக்கு எதிரான பெனால்டிகளை நேரம் குறித்து, வீடியோத் துண்டுகளோடு எழுதி அனுப்பினார். ஒரு வசைச்சொல் இல்லை. நாங்கள் இருவரும் ஒரு பின்னேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் ஒரே பிழைதான், அவருடைய ஆறாம் இலக்க வீரன் விழுத்திய பிறகு உருண்டு போகாமல் எதிரணியின் பக்கத்திலேயே கிடந்தான். “இது எங்கட பயிற்சியில வந்த பழக்கம்” என்று அவரே சொன்னார். அடுத்த கிழமை அவர் விழுத்து, உருள், எழும்பு என்று தினமும் அதையே செய்வித்தார். அந்தப் பருவத்தில் மறுபடி அவர்களுக்கு ஊதப் போனபோது, ஆறாம் இலக்கத்தின் பெயரை நான் ஒருமுறைகூடக் கூப்பிட வேண்டி வரவில்லை.