இரண்டு மணி ரீடிங்

சென்னைக்கு வடக்கே, மணலி புதுநகரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் ரீஃபர் பிரிவில் வேலை செய்கிறேன். ரீஃபர் என்றால் குளிரூட்டும் பெட்டி. பெரும்பாலும் இறால்தான் வரும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, நெல்லூர் பக்கத்துப் பண்ணைகளில் வளர்ந்த வனாமி, உறைய வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, 40 அடிப் பெட்டியில் இருபது டன்னுக்கு மேல் ஏற்றி அனுப்புவார்கள். துறைமுகத்துக்குப் போகும்வரை பெட்டி எங்கள் யார்டில் கரன்ட்டில் நிற்கும். உள்ளே மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். அதைப் பார்த்து எழுதுவதுதான் எங்கள் வேலை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, விடியற்காலை 2 என்று ஒரு நாளைக்கு ஆறு ரீடிங். அறுபது பெட்டி நின்றால் ஒரு ரவுண்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மேல் அடுக்குக்கு ஏணிப்படி ஏற வேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவரை இங்கே அண்ணன் என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் எர்ணாவூர்க்காரர், எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். டிஸ்ப்ளேவில் வரும் எண்ணை மட்டும் நம்பாதே, ஃபேனுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார், கம்ப்ரசர் சத்தம் மாறினால் நின்று கேள் என்று சொன்னவர் அவர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது யார்டில் முழங்கால் தண்ணீர். அன்று இரவு முழுக்க அவர் வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர் தொடும் உயரத்தில் இருந்த ப்ளக்குகளை ஒவ்வொன்றாக ஆஃப் பண்ணி, கேபிளைத் தோளில் போட்டு மேலே கட்டினார். அது 440 வோல்ட், த்ரீ ஃபேஸ். அந்தத் தண்ணீரில் இறங்க யாருக்கும் தைரியம் வராது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இனி எழுதப்போவதும் அதே மனிதரைப் பற்றித்தான்.

அதற்கடுத்த வருடம் அவர் நைட் ஷிஃப்டிலேயே தங்கிவிட்டார். பகலில் திருவொற்றியூர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் காலேஜ் படிக்கிறார்கள், கடன் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பகலில் ஆட்டோ ஓட்டுபவர் இரவில் எப்போது தூங்குவார் என்று நானும் யோசிக்கவில்லை.

எனக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு நோட்டை வாங்கினால் இரவு 10, விடியற்காலை 2, காலை 6 மூன்று கட்டமும் நிரம்பியிருக்கும். ஒரே பேனா, ஒரே சாய்வு, மூன்று கட்டமும் ஒரே மூச்சில் எழுதியது போல. முதலில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரவுண்டு போகும்போது பெட்டி ஒன்று அலாரம் அடித்துக்கொண்டிருக்கும், நோட்டில் மைனஸ் 18 என்று இருக்கும். நான் ரீசெட் பண்ணிவிட்டு, எண்ணைத் திருத்தி எழுதிவிட்டுப் போவேன். கேட்டால் சங்கடம், சொன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி. எட்டு மாதம் இப்படியே போனது. இன்று யோசித்தால் அந்த எட்டு மாதம்தான் எனக்கு உறுத்துகிறது. அவர் செய்யாத வேலையை நான் ஆறு மணிக்குச் செய்து முடித்ததால், செய்யவில்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும்கூட.

ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. உறைந்த சரக்குள்ள பெட்டி சில மணி நேரத்துக்கு ஒருமுறை டிஃப்ராஸ்ட் ஆகும். காயிலில் படிந்த பனியை உருக்க ஃபேன் நின்று ஹீட்டர் ஓடும். அப்போது ரிட்டர்ன் காற்றின், அதாவது சரக்கைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் காற்றின், வெப்பநிலை கொஞ்சம் ஏறி இறங்கும். அறுபது பெட்டியில் எந்த நேரம் போனாலும் இரண்டு மூன்றாவது டிஃப்ராஸ்ட்டில் இருக்கும். என் ரீடிங்கில் மைனஸ் 17.4, மைனஸ் 18.7, டிஃப்ராஸ்ட் என்று மேலும் கீழுமாக இருக்கும். மதிய ஷிஃப்ட் பையனுடையதிலும் அப்படித்தான். அண்ணனுடைய பக்கங்களில் எட்டு மாதமாக ஒரு பெட்டிகூட டிஃப்ராஸ்ட் ஆகவே இல்லை. மைனஸ் 18.0, 18.1, 18.0. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். டிஃப்ராஸ்ட் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

அன்று ஷிஃப்ட் முடிந்து, எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை, அங்கே அவரைப் பிடித்தேன்.

"ணா, ராத்திரி ரெண்டு மணி ரவுண்டு போறீங்களா?"

"இன்னாபா, நான் பாக்காத பெட்டியா? சத்தத்த வெச்சே சொல்லிடுவேன்."

"அது தெரியும்ணா. போறீங்களா இல்லியான்னுதான் கேக்குறேன்."

"போறேன், போவல. இதுவரிக்கும் எதுனா கெட்டுப்போச்சா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கெட்டுப்போகவில்லைதான். சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு பேரும் ஒரே ஏரியா ஆளுங்க, நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்றார். அதோடு முடிந்தது.

பிறகு ஒரு சின்ன டைரி போட்டேன். இதைத்தான் இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்வேன். தேதி, பெட்டி நிற்கும் இடம், நோட்டில் இருந்த எண், ஆறு மணிக்கு நான் பார்த்த எண், அலாரம் இருந்ததா, நான் என்ன செய்தேன். இவ்வளவுதான். அவர் தூங்கினார், சோம்பேறி, பொறுப்பில்லை என்றெல்லாம் எழுதவில்லை. நான் பார்க்காததை எழுதினால் நானும் பார்க்காமல் எழுதுகிற ஆள்தானே. இன்னொன்றும் செய்தேன்: அவருடைய கட்டங்களைத் திருத்துவதை நிறுத்தினேன். என் ரீடிங்கை என் கட்டத்தில், நேரத்தோடு எழுதினேன்.

ஜூலை மாதம் ஒரு காலை. மூன்றாவது வரிசையில் ஒரு பெட்டியின் டிஸ்ப்ளே இருட்டாக இருந்தது. ஃபேனுக்கு முன்னால் கையை வைத்தேன், காற்று இல்லை. ப்ளக் பாயிண்டில் எம்சிபி, அதாவது தானாக ட்ரிப் ஆகும் சுவிட்ச், கீழே விழுந்து கிடந்தது. அதைத் தூக்கிவிட்டு, பெட்டி உயிர் வந்து எண் காட்டும்வரை அங்கேயே நின்றேன். மைனஸ் 12.8. கையிலிருந்த நோட்டில் அதே பெட்டிக்கு 2 மணிக்கு மைனஸ் 18.1, 6 மணிக்கு மைனஸ் 18.0. அப்போது மணி 6.05.

அந்தக் கோபத்தில் ஒரு தப்பு செய்தேன். இருட்டான டிஸ்ப்ளேவைப் படம் எடுத்து ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். பேர் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, அவர் ஆட்டோ ஓட்டுவது, பிள்ளைகள் படிப்பு, என் நன்றிகெட்டத்தனம் எல்லாம் வந்துவிட்டது. பெட்டியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. படத்தை அழித்தேன். வேலைக் குறையை வேலைக்குரிய இடத்தில் வைக்க வேண்டும். குரூப்பில் வைத்தால் அது ஆளைப் பற்றிய சண்டையாகிவிடும்.

சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நோட்டில் அந்த இரண்டு கட்டத்தையும் அடித்துவிட்டு, "பவர் ஆஃப், சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். என்னால் முடியாது என்றேன். என் கை நடுங்கியது. அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து மெயிலில் அவருக்கும் மேனேஜருக்கும் அனுப்பினேன். எங்கள் ஏற்றுமதிப் பிரிவு டெக்னீஷியன் பெட்டியின் கன்ட்ரோலரிலிருந்து டேட்டாவை இறக்கினார். ரீஃபர் தானாகவே மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிந்துகொண்டே இருக்கும்; கரன்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்பதும் நேரத்தோடு இருக்கும். இரவு 11.40க்குப் போயிருக்கிறது. காலை 6.05க்கு வந்திருக்கிறது. மொத்தம் ஆறு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம் கரன்ட் இல்லை.

சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் வந்து பெட்டியைத் திறந்து, சில அட்டைகளை எடுத்து, உறைந்த கட்டிக்குள் துளை போட்டுக் கம்பி விட்டுப் பார்த்தார். உள்ளே பெரிதாக ஏறவில்லை, தப்பித்தது. ஆனால் அந்த வாரக் கப்பல் போய்விட்டது. சரக்குக்காரர் யார்டில் நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் அட்டைகளைத் திரும்ப அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணையில் ஒரு சாகுபடி எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் கேட்ட "எதுனா கெட்டுப்போச்சா" என்பதற்கு அன்றுதான் எனக்குப் பதில் கிடைத்தது. அதைச் சொல்ல அவர் எதிரில் இல்லை.

எழுத்தில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். முதலில் எழுதியது இரண்டரைப் பக்கம். அதில் "பொறுப்பற்ற", "பலமுறை எச்சரித்தும்" என்றெல்லாம் இருந்தது. வீட்டில் மனைவி படித்துவிட்டு, "இத படிச்சா உனக்கும் அவருக்கும் சண்டன்னுதான் தோணுது" என்றாள். அவள் சொன்னது சரி. அடித்து அடித்து ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். பதினொரு தேதிகள், ஒவ்வொன்றிலும் நோட்டு என்ன சொன்னது, பெட்டி என்ன சொன்னது. கடைசியில் ஒரு வரி: இவ்வளவு நாள் இதை நான் திருத்தி எழுதி வந்தேன், அது என் தவறு. அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது.

கொடுப்பதற்கு முந்தின நாள் இரவு பத்து மணிக்கு யார்டுக்குப் போய் அவரிடமே சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்ய மனம் வரவில்லை. தூரத்தில் வல்லூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, "குட்துக்கோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லா எயுதுவ" என்றார். கோபத்தில் சொன்னாரா, வேறு எப்படியா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் கடிதத்தைக் கொடுத்து நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இதைச் செய்யாமல் யாரும் எதையும் கொடுக்க வேண்டாம். அதன்பின் நடந்தது வழக்கமானது: அவருக்கு மெமோ, அவருடைய விளக்கம், உள்விசாரணை. தனக்குத் துணையாக ஒரு சக தொழிலாளியை அவர் உட்கார வைத்துக்கொண்டார், அது அவர் உரிமை. நிலையாணைகளில், அதாவது தொழிலாளர்களுக்கான வேலை விதிகளில், ஒருமுறை நடந்த தவறு வேறு, வழக்கமாகிப்போன அலட்சியம் வேறு. அதனால்தான் தேதிகள் கேட்டார்கள். ஒரே ஒரு பெட்டியின் கதை போதுமானதாக இருந்திருக்காது.

விசாரணை அதிகாரி என்னிடம், "அவர் ரவுண்டு போகவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நோட்டும் மெஷினும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அண்ணன் தலை நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார். அவர் முறை வந்தபோது எதையும் மறுக்கவில்லை. ரவுண்டு போகவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை, வேறு ஷிஃப்ட் கேட்கவும் வெட்கமாக இருந்தது என்று சொன்னார்.

நான்கு நாள் சஸ்பென்ஷன், பகல் ஷிஃப்டில் கேட் வேலைக்கு மாற்றம். ஆட்டோவை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அது என் மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது, நகரவில்லை. வேலை போகாததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவரிடம் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கேட்டில் பெட்டி எண்ணைச் சரிபார்த்துச் சீட்டைக் கொடுப்பார், நான் வாங்கிக்கொள்வேன். சீல் எண்ணை இரண்டு முறை படித்துப் பார்த்துதான் கொடுக்கிறார். அதைக் கவனித்திருக்கிறேன்.

நோட்டும் மாறிவிட்டது. இப்போது சப்ளை (உள்ளே போகும் காற்று), ரிட்டர்ன் இரண்டின் வெப்பநிலையும் எழுத வேண்டும், பார்த்த நேரம் நிமிடத்தோடு, டிஃப்ராஸ்ட்டுக்குத் தனிக் கட்டம். இரவு ரவுண்டுக்கு இரண்டு பேர். அதில் ஒருவன் புதுப் பையன், காசிமேட்டுக்காரன். சேர்ந்த முதல் வாரமே கேட்டான்: "ரவுண்டு போக முடியலன்னா இன்னாண்ணா எய்தறது?"

"ஒண்ணும் எழுதாத. கட்டத்த காலியா வுடு. ஏன்னு பக்கத்துல எழுது" என்றேன்.

போன வாரம் நல்ல மழை, இடி. காலையில் நோட்டை வாங்கினால் 2 மணி வரிசையில் மேல் அடுக்கு ஒன்பது பெட்டிக்குக் கட்டம் காலி. ஓரத்தில் "இடி, ஏறல" என்று கிறுக்கியிருந்தான். ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த ஒன்பதிலிருந்து ரவுண்டைத் தொடங்கினேன்.