தண்டையார்பேட்டைத் தோட்ட வீடு சங்கத்தின் கைக்கு வந்த விதம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது, எங்கள் தெருக்கோடியில் இருந்த தோட்ட வீட்டின் மாமரம் ஒன்று மதில்மேல் சாய்ந்து, பதினைந்தடி நீளத்துக்குச் சுவரை இடித்துக்கொண்டு விழுந்தது. தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், அந்த வீட்டின் தூண் வைத்த தாழ்வாரத்தையும் கல் கட்டிய கிணற்றையும் முதன்முதலாகப் பார்த்தது அந்த இடிபாட்டின் வழியாகத்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகளும் வணிகர்களும் கோட்டைக்கு வெளியே கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எல்லோரும் அடையாற்றுக் கரைக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெருவில் இருந்ததை நாங்களே ஒரு நீண்ட மதிலாக மட்டுமே அறிந்திருந்தோம்.

மரத்தை அறுத்து அப்புறப்படுத்தப் போன எட்டுப் பேர்தான் பின்னாளில் சங்கம் ஆனோம். வீட்டின் பின்கட்டில் எழுபது வயதைக் கடந்த பெரியம்மா ஒருவர் தம் தங்கையுடன் குடியிருந்தார். பங்காளிகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். அடுக்குமாடி கட்டுபவர்கள் வாரம் ஒருவர் வந்து விலை பேசிக்கொண்டிருந்த காலம் அது. "வித்தா அடுத்த மாசமே இடிச்சுடுவான். உங்ககிட்ட குடுத்தா இடிக்காம பாத்துக்குவீங்களா?" என்று அவர் கேட்டபோது, எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமலே எல்லோரும் தலையாட்டினோம்.

பட்டா பெரியம்மாவின் தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ்கள், வில்லங்கச் சான்று, பதினொரு பேரின் கையெழுத்து என்று ஒன்றரை ஆண்டு ஓடியது. அமெரிக்காவில் இருந்தவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பியிருந்தார்; வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும் என்பதை அறியாமல் அதை என் பீரோவிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். வங்கியில் ஆயிரம் பத்திரம் பார்த்த எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவர் மீண்டும் ஒருமுறை விடுப்பெடுத்து, மீண்டும் எழுதி அனுப்பினார்.

அறக்கட்டளையா, சங்கமா என்பதில்தான் எங்களுக்குள் முதல் சச்சரவு வந்தது. அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் வேலை விரைவில் முடியும். அறங்காவலர் நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி பதிவதென்றால் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், தேர்தல் நடத்த வேண்டும், தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நான் சங்கத்தின் பக்கம் நின்றேன். ஒரு குடும்பத்தின் மதிலை நாலு அறங்காவலர்களின் மதிலாக மாற்றுவதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. நூறு ரூபாய் சந்தா கட்டும் ஆட்டோக்காரருக்கும் அந்த வீட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை இருக்க வேண்டும் என்று வாதிட்டேன். பிறகு வந்த பொதுக்குழுக்களில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தொண்டை வறண்டபோது, என் வாதத்தை நானே சபித்ததும் உண்டு.

துணைவிதிகளை எழுதியபோது தணிக்கையாளர் செய்த ஒரு திருத்தம் எங்களைப் பின்னாளில் காப்பாற்றியது. "பொதுமக்கள் நலனுக்காகப் பாடுபடுதல்" என்று நாங்கள் எழுதியிருந்த நோக்கத்தை அடித்துவிட்டு, கலை, வரலாற்று மதிப்புள்ள இடங்களையும் பொருள்களையும் பாதுகாத்தல் என்று எழுதச் சொன்னார். அப்போது நடப்பில் இருந்த வருமான வரிச் சட்டம் 1961, அறச்செயல் என்பதை வரையறுக்கும் பிரிவில் இதைத் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. பொதுப்பயன் என்ற பொதுவான தலைப்பில் போனால், வணிகம் போன்ற வழியில் வரும் தொகை மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்கட்டை அருங்காட்சியகமாக்கி நுழைவுச்சீட்டு விற்க நினைத்த எங்களுக்கு அது கழுத்துக்குக் கயிறு.

அதே தணிக்கையாளர்தான், குடும்பத்தாரிடமிருந்து நாங்கள் எடுக்கவிருந்த குத்தகையில் பின்கட்டைச் சேர்க்காதீர்கள் என்றும் எச்சரித்தார். சங்கத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களோ அவர்களது உறவினரோ சங்கத்தின் சொத்தில் இலவசமாகக் குடியிருந்தால், வரிவிலக்கே போய்விடக்கூடும் என்றார். ஆகவே முன்கட்டு, தாழ்வாரம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் 2019இல் 29 ஆண்டுக் குத்தகை பதிந்தோம். 30 ஆண்டைத் தொட்டால் முத்திரைத் தீர்வை கூடும். பூசையறை முன்கட்டில் இருந்தது. அதன் விளக்கெண்ணெய்க்கு மாதம் இருநூறு ரூபாய் நான் கணக்கில் எழுதிவிட, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி சலுகை பெறும் சங்கத்தின் மதச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தணிக்கையாளர் விளக்கினார். எங்கள் எண்ணெய்ச் செலவு அந்த வரம்புக்கு வெகு கீழே இருந்தும், பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க சாமிக்கு எண்ணெய் வாங்க எங்களுக்கு வக்கில்லையா?" என்று கேட்டு, அன்று முதல் தம் பணத்திலேயே ஏற்றுகிறார்.

கட்டட வேலையில் நாங்கள் செய்த பிழை செலவு மிகுந்தது. குறைந்த விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்தக்காரர் கீழ்ச்சுவர் முழுவதையும் சிமெண்டால் பூசினார். பளிச்சென்று இருந்தது, நாங்களும் கைதட்டினோம். அடுத்த மழையில் பூச்சுக்கு மேலே, இடுப்புயரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பழைய செங்கல் மாவாக உதிர ஆரம்பித்தது. திருவொற்றியூரிலிருந்து அழைத்து வந்த வயதான கொத்தனார், விரல் மூட்டால் சுவரை அங்கங்கே தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, "செவுரு மூச்சு உடணும்மா. சிமெண்ட் போட்டு மூக்கைப் பொத்திட்டீங்க, ஈரம் எங்க போவும்? மேல ஏறும்" என்றார். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத அக்காலச் சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விடும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எங்கள் மண்ணில் ஈரம் என்றாலே உப்பும் சேர்ந்ததுதான்.

சிமெண்டைக் கொத்தி எடுக்க, அதைப் பூசியதைவிட அதிகம் செலவானது. பிறகு தோட்டத்தின் மூலையில் குழி வெட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுப் பல நாள் புளிக்கவைத்துப் பூசினோம். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் வகையைச் சேர்ந்தது. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பது. தளம் இடிக்க வந்த ஆறு பெண்கள் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியைப் பிடித்து வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய் நீரைத் தெளித்துத் தெளித்து மூன்று நாள் ஒரே தாளத்தில் தட்டினார்கள். முதல் நாள் "சொத் சொத்" என்று கேட்ட ஓசை மூன்றாம் நாள் மாலை கல்லில் தட்டியதுபோல் ஒலித்த பிறகுதான் கொத்தனார் போதும் என்றார்.

வேலை முடியும்வரை எதையும் திறப்பதில்லை என்பதே எங்கள் முடிவாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பணமும் ஆளும் இல்லாமல் வீடு பாதியில் நிற்க, 2021இல் தோட்டத்தை மட்டும் காலையும் மாலையும் இலவசமாகத் திறந்தோம்; வேறு வழியில்லாமல் செய்த காரியம் அது. ஒரு மாதத்தில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், பரீட்சைக்குப் படிக்க நிழல் தேடும் கல்லூரிப் பிள்ளைகள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பாட்டிகள் என்று கூட்டம் சேர்ந்தது. நாங்கள் ஆசைப்பட்டு நட்ட ரோஜாக்கள் கிணற்றின் உப்புநீரில் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. புன்னை, பூவரசு, அரளி, நொச்சி நடும்படி சொன்னவர் காசிமேட்டிலிருந்து நடக்க வரும் மீன்கார அம்மாள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவில் வாளியில் மூடிவைத்து, மூன்று வாரம் கழித்து வடித்துத் தண்ணீரில் கலந்து ஊற்றும் மீன் அமிலத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார். வாளியைத் திறந்த நாளில் பக்கத்து வீட்டாரிடம் நான் வாங்கிய வசவைப் பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பில் எழுதவில்லை. பந்து விளையாடலாமா கூடாதா என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் ஆனது. ஞாயிறு காலை ஒன்பது மணிவரை, பிளாஸ்டிக் பந்து மட்டும் என்று தீர்ந்தது. உறுப்பினர் எண்ணிக்கை இருபத்திரண்டிலிருந்து நூற்று நாற்பதானது அந்த ஆண்டில்தான், அருங்காட்சியக அறைகளில் ஒன்றுகூடத் திறக்காத நிலையில்.

பணம் வர ஆரம்பித்ததும் அதன் விதிகளும் வந்தன. வாசலில் உண்டியல் வைத்தோம். பெயர் தெரியாத நன்கொடை 1 லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் 30 சதவீதம் வரி என்றார் தணிக்கையாளர். உண்டியலை எடுத்துவிட்டு ரசீதுப் புத்தகம் வைத்தோம். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் தருபவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பதை அட்டையில் எழுதி மாட்டினோம். அமெரிக்கப் பங்காளி அனுப்பிய ஐந்து லட்ச ரூபாய்தான் மனத்தை மிகவும் சங்கடப்படுத்தியது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்துத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடிமகனானவர் தாத்தா கட்டிய வீட்டுக்கே தந்தாலும் ஆகும். அதற்கான தனிப் பதிவு எங்களிடம் இல்லாததால் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினோம். இரண்டு முறை அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பிய மனிதரிடம் அதைத் தொலைபேசியில் சொல்லும் பொறுப்பும் என்னுடையதாயிற்று.

2022இல் முன்கட்டின் மூன்று அறைகளை இருபது ரூபாய்ச் சீட்டுடன் திறந்தோம். நூறாண்டு கடந்த இரண்டு வெண்கலச் சிலைகளையும் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தையும், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, படங்களுடன் குடும்பத்தார் பெயரிலேயே பதிவு செய்யவைத்தோம். கணக்குப் பேரேடுகளும் கடிதங்களும் கொண்ட காகிதக் கட்டுகளைக் கீழ்த்தட்டில் வைத்தது என் யோசனை. கனமானது கீழே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முன்கட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை. நனைந்த காகிதத்தில் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், உடனே உலர்த்த முடியாவிட்டால் உறையவைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள், ஞாயிறு பந்தாட்டக் கூட்டத்துப் பையன் ஒருவன் தன் மாமாவின் மீன் கிடங்கில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்றான். நாற்பத்தேழு கட்டுகளையும் பாலித்தீன் பைகளில் சுற்றி, எண் எழுதி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, இறால் பெட்டிகளுக்கு நடுவே அடுக்கிவைத்தோம். மீன்கார அம்மாள் உடன் வந்து, எங்கள் பைகளுக்கு மேல் யாரும் பெட்டி வைக்காதபடி காவல் நின்றார்.

இதற்கிடையே இன்னொரு கண்டம். வருமான வரித்துறையில் எங்களுக்குக் கிடைத்திருந்தது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு. காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னதாக நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்தால் போதும் என்றிருந்தோம். அந்தக் கெடு, அல்லது செயல்பாடு தொடங்கி ஆறு மாதம், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அன்றைய விதி. தோட்டத்தைத் திறந்த நாளிலிருந்து எண்ணினால் கெடு எப்போதோ கடந்திருந்தது. நேரடி வரிகள் வாரியம் 2024 ஜூன் 30 வரை அவகாசம் நீட்டித்ததால் பிழைத்தோம். நிரந்தரம் என்ற பெயர்தான். எங்களுக்குக் கிடைத்த அதற்கும் ஆயுள் ஐந்தாண்டுதான்.

கிடங்கிலிருந்து வாரம் இரண்டு கட்டுகளாக எடுத்து, தாள் தாளாகப் பிரித்து, அச்சிடாத செய்தித்தாள் காகிதத்துக்கிடையே வைத்து, மேல்தளத்து அறையில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி முடிக்க ஆறு மாதம் ஆனது. மூன்று கட்டுகளில் மை கரைந்துவிட்டது. மற்றவை படிக்கும்படி இருக்கின்றன. பொருள் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலை என்ற கட்டம் உண்டு. பதினேழாம் எண் கட்டுக்கு எதிரே, "நல்ல நிலை, ஓரங்களில் கறை, லேசான இறால் வாடை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.