லீவுக் கடிதங்களில் தெரியும் கிரிக்கெட்

கொழும்பில் கம்பனிகள் கிரிக்கெட் வீரர்களுக்கு வேலை கொடுப்பது பழைய வழக்கம். கம்பனி அணிகள் மோதும் மேர்க்கன்டைல் போட்டிகளில் கம்பனிக்காக ஆட வேண்டும், மற்ற நாட்களில் ஸ்டோர்ஸிலோ விற்பனையிலோ வேலை பார்க்க வேண்டும். அப்படி அணி வைத்திருக்கும் ஒரு கம்பனியின் ஆளணிப் பிரிவில் நான் நெடுங்காலமாக இருக்கிறேன். நாட்டுக்காக ஆடியவர்கள் ஓரிருவர் எங்களிடம் இருந்திருக்கிறார்கள், மற்றவர்கள் கழக மட்டத்தோடு நிற்பவர்கள். யாராக இருந்தாலும் லீவுக் கடிதம் என் மேசைக்குத்தான் வரும்.

பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை சம்பளமில்லா லீவு. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறிய ஊரின் கழகம் கூப்பிட்டிருக்கும். அடுத்த வருடம் அதே கடிதம் மெல்பேர்னுக்காக வரும். அப்புறம் ஒருநாள் ராஜினாமா மின்னஞ்சலில் வந்து சேரும்.

"காசுக்காகப் போயிட்டான்" என்று கென்டீனில் பேசுவார்கள். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. எங்களைப் போன்ற தனியார் துறை ஊழியருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு வயது 60. ஒரு வேகப்பந்து வீச்சாளர் 35 வயதில் இன்னும் ஓடி வந்து வீசினாலே பெரிய விஷயம். நாங்கள் நாற்பது வருடத்தில் சேர்ப்பதை அவர் பத்துப் பதினைந்து வருடத்தில் சேர்த்தாக வேண்டும். முழங்கால் ஒரு முறை பிசகினால் அதிலும் இரண்டு வருடம் போய்விடும்.

வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்க 2011இல் டெஸ்டை விட்டபோது அவருக்கு 27 வயது. ஐபிஎல் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் எத்தனை பேர் திட்டினார்கள்! அவர் சொன்ன காரணம் முழங்கால். 30 டெஸ்ட், 101 விக்கெட்டோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, 2014இல் டாக்காவில் டி20 உலகக் கிண்ணத்தை அவர் தலைமையில்தான் வென்றோம். ஒருநாள் போட்டிகளில் 2019 ஜூலை வரை ஆடி, பிரேமதாச மைதானத்தில் விடைபெற்றார். அன்று அவர் டெஸ்டிலும் தொடர்ந்திருந்தால் அந்தக் கால் அத்தனை வருடம் தாங்கியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

2022 ஜனவரியில் துடுப்பாட்ட வீரர் பானுக ராஜபக்ஷ 30 வயதில் ஓய்வு அறிவித்தார். சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார். அதே வருடம் செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கிண்ண இறுதியில் ஆட்டமிழக்காமல் 71 எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். ராஜினாமாக் கடிதம் கைக்கு வந்த பிறகு பேசுவதைவிட, அது எழுதப்படுவதற்கு முன்பே பேசுவதுதான் ஆளணி வேலையில் முக்கியம். ஒருவர் போக நினைக்கிறார் என்றால் அதற்கு ஆறு மாதம் முன்பே அடையாளம் தெரியும். கவனிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஜனவரியிலேயே இலங்கை கிரிக்கெட் சபை புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஓய்வு பெற நினைப்பவர் மூன்று மாதம் முன்னறிவித்தல் தர வேண்டும். ஓய்வு பெற்றவர் வெளிநாட்டு லீக்கில் ஆட, சபையின் அனுமதியான தடையில்லாச் சான்றிதழைப் பெற ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவருக்கு இங்குள்ள லங்கா பிரீமியர் லீக்கில் இடம் வேண்டுமென்றால் உள்ளூர்ப் போட்டிகளில் 80 சதவீதம் ஆடியிருக்க வேண்டும்.

முன்னறிவித்தல் நியாயமானது. எங்கள் கம்பனியிலும் அப்படித்தான். உள்ளூர்ப் போட்டி விதியும் நல்லதே. அது இல்லாவிட்டால் பொறளை சரவணமுத்து மைதானத்தில் மூன்று நாள் வெயிலில் நின்று ஆட யார் வருவார்கள்? ஆனால் அந்த ஆறு மாதக் காத்திருப்பை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வேலையை விட்டுப் போன ஊழியரை அரை வருடம் வேறெங்கும் சம்பாதிக்கக் கூடாது என்று நாங்கள் சொன்னால் தொழில் திணைக்களம் சும்மா இருக்குமா? பத்து வருடமே ஓடும் தொழிலில் அரை வருடம் சின்ன விஷயமில்லை. வழியை அடைத்து ஒருவரை நிறுத்தினால் அவர் உடம்போடு நிற்பார், மனதோடு நிற்கமாட்டார்.

தவிர, தங்கியிருப்பவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? 2025 முழுவதிலும் இலங்கை ஆடிய டெஸ்ட் போட்டிகள் 4. திமுத் கருணாரத்ன அந்த வருடம் பெப்ரவரியில் காலியில் தன் 100ஆவது டெஸ்டோடு விலகினார். டெஸ்ட் மட்டுமே ஆடும் ஒருவர் இப்படியொரு நாட்காட்டியை வைத்துக்கொண்டு உடற்பயிற்சியை எப்படித் திட்டமிடுவார்? வனிந்து ஹசரங்க 4 டெஸ்ட் மட்டுமே ஆடி 26 வயதில் அந்த வடிவத்தை விட்டார். அவரைக் குறை சொல்பவர்கள் முதலில் இந்த நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

நட்சத்திரங்களாவது எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். என் கவலை அடுத்த வரிசையைப் பற்றியது. 2011 உலகக் கிண்ண இறுதியில் ஆடிய சுராஜ் ரந்திவ் மெல்பேர்னில் பஸ் ஓட்டுகிறார் என்று 2021இல் செய்தி வந்தது. பலர் அதைப் பரிதாபக் கதையாகப் பகிர்ந்தார்கள். உழைத்துச் சாப்பிடுவதில் பரிதாபம் ஏதுமில்லை. அப்படியொரு வேலையை இங்கேயே, ஆடிக்கொண்டிருக்கும்போதே கற்றுக்கொடுக்க நம்மிடம் ஏற்பாடு இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் இடத்தில் இதற்காக ஒரு மாற்றம் கேட்டுப் பெற்றோம். முன்பு வீரர்கள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போவார்கள், வேலை பெயருக்குத்தான். இப்போது சேரும் முதல் வருடத்திலிருந்தே கொள்வனவு, களஞ்சியம், விற்பனை என்று ஒரு பிரிவில் உண்மையான பொறுப்பு கொடுக்கிறோம். போட்டிக் காலத்தில் அதைக் குறைக்கிறோம், நிறுத்துவதில்லை. ஆரம்பத்தில் அணி முகாமையாளருக்கு இது பிடிக்கவில்லை. பிறகு, காயத்தோடு உட்கார்ந்த ஒரு பையன் கொள்வனவில் நிரந்தரமாகி, இன்று அந்தப் பிரிவையே பார்க்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் லங்கா பிரீமியர் லீக்கில் தொடங்கி 2024இல் ஐபிஎல்லில் ஆடியதைப் பார்த்த பிறகு, வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பையன்கள் நம்பிக்கையோடு கொழும்புக்கு வருகிறார்கள். வெளிநாட்டுக் கழகங்கள் அனுப்பும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். "அண்ணா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவீங்களா?" என்று கேட்டு வருவார்கள். வேலை முடிந்ததும் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொல்வேன். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, சம்பளம் எந்தத் தேதியில், பாதியில் அனுப்பிவிட்டால் திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்ற மூன்றையும் முதலில் தேடுவேன். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே, எழுதிக் கேள் என்பேன். கேட்டவர்களில் சிலருக்கு அந்த வரிகளைச் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள்.