பக்கத்து வீட்டு காரண்ட்

நேற்று மதியம் முழுக்க டெக்சாஸ் வெயிலில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் அவருடைய எம்1 காரண்ட் துப்பாக்கி, பிரித்துப் போட்டபடி. 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ரகம்.

குழலின் முனையருகே, அடியில் ஒரு சின்னத் துளை. சுடும்போது அதன் வழியே இறங்கும் வாயு நீளமான தண்டு ஒன்றைப் பின்னால் தள்ள, அது குழலின் பின்பக்கத்தை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்து காலி உறையை வெளியே எறியும். அந்தத் தண்டு நேராகவே இல்லை. பழசாகிக் கோணிவிட்டது போல என்று வாயைத் திறந்தேன். "பிறந்ததே அப்படித்தான், நிமிர்த்திவிடாதே" என்றார்.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைச் சாய்த்தார். தண்டு தன் எடையிலேயே சறுக்க வேண்டுமாம். பாதியில் முரண்டு பிடித்தது. உள்ளே பார்த்தால், மரத்தில் உரசிய தடம் பளபளவென்று.

மெதுவாக எரியும் வெடிமருந்து உள்ள இந்தக் காலத்துத் தோட்டாக்களைப் போட்டால் அழுத்தம் கூடி, தண்டு நிஜமாகவே வளைந்துவிடும். அதற்கென்று, வாயுவைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பான் ஒன்றை மாட்டியிருக்கிறார். அசல் அடைப்பான் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக.

அப்புறம் உப்புத்தாளை எடுத்தார். மரத்தை மட்டும்தான் தேய்த்தார், இரும்பைத் தொடவே இல்லை. அதற்கே இரண்டு மணி நேரம். என் பைக் கார்புரேட்டருக்குக்கூட நான் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.